ரான் பராசி: ஜெயித்த பத்துக் கோப்பைகளும் ஜெயிக்காத எட்டு வருடங்களும்

கேள்வி இது: "ஆஸ்திரேலிய ஃபுட்டியில் ரான் பராசியை மிகப் பெரிய கோச் என்கிறார்கள். ஆனால் 1981 முதல் 1985 வரை மெல்பர்னிலும், 1993 முதல் 1995 வரை சிட்னியிலும் அவர் எதையும் ஜெயிக்கவில்லையே? வீரராக இருந்த காலத்துப் புகழை வைத்துத்தான் கோச்சாகவும் தூக்கிப் பிடிக்கிறார்களா?"

இல்லை என்பதுதான் என் பதில். வீரராக ஆறு பிரீமியர்ஷிப் (லீக் கோப்பை), கோச்சாக நான்கு என்று கணக்கைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் தோல்வி என்று ஒதுக்கிய அந்த எட்டு வருடங்கள் இல்லாவிட்டால் பராசியின் கதையில் பாதி போய்விடும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். எம்.சி.ஜி. (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) என்றால் நமக்கு டிசம்பர் 26 டெஸ்ட் மேட்ச்தான் ஞாபகம் வரும். மெல்பர்ன்காரர்களுக்கு அது ஃபுட்டி மைதானம். குளிர்காலம் முழுக்க அங்கே அதுதான். அணிக்கு 18 பேர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஆஃப்சைடு கிடையாது. தூரத்திலிருந்து உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவரை யாரும் மறிக்க முடியாது, நிதானமாக நின்று உதைக்கலாம். பந்தைக் கையால் எறியக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டுமானால் ஹேண்ட்பால் செய்ய வேண்டும்.

இந்த ஹேண்ட்பாலை நேரில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். மெல்பர்னில் சாயங்காலம் ஏதாவது ஒரு பூங்காவில் நில்லுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று பழகிக்கொண்டிருப்பார்கள். இடது உள்ளங்கையில் நீள்வட்டப் பந்து. வலது கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரலை உள்ளே திணிக்காமல் வெளிப்பக்கம் வைத்து, கீழிருந்து மேலாகப் பந்தின் பின்முனையில் ஒரு குத்து. சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி எதிரே நிற்பவரின் நெஞ்சுக்கு நேராகப் போகும். படாவிட்டால் புல்லில் உருண்டுவிடும். ஒரு காலத்தில் இதை வேறு வழியே இல்லாதபோது செய்யும் காரியமாகத்தான் பலர் நினைத்தார்கள். உதைப்பதுதான் ஆட்டம், குத்துவது அவசரத்துக்கு. அந்த நினைப்பு மாறிய கதையில் பராசிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பராசி பிறந்தது 1936 பிப்ரவரி 27, விக்டோரியா மாநிலத்தின் காசில்மெயின் ஊரில். அப்பாவின் பெயரும் ரான் பராசிதான். அவர் மெல்பர்ன் கிளப்புக்கு ஆடியவர். 1940-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அடுத்த வருடம் ஜூலை 31 அன்று லிபியாவில், டோப்ருக் போர்முனையில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஐந்து வயது.

அப்பாவோடு அதே அணியில் ஆடிய நண்பர் நார்ம் ஸ்மித். பின்னாளில், 1952-ல், மெல்பர்ன் கிளப்பின் கோச் ஆனவர். பராசியின் அம்மா மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியாவுக்குப் போனபோது பையன் கூடப் போகவில்லை. அவனுக்கு மெல்பர்னில் ஆட வேண்டும், அப்பா ஆடிய கிளப்பில் ஆட வேண்டும். கோபர்க் பகுதியில் இருந்த ஸ்மித் வீட்டின் கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு சின்ன அறை. அங்கே தங்கினான். காலையில் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காருபவர், சாயங்காலம் மைதானத்தில் விசில் ஊதி ஓட விடுபவர், இரண்டும் ஒரே ஆள். வீட்டுப் பிள்ளை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்மித் மற்றவர்களைவிட இவனிடம்தான் அதிகக் கடுமை காட்டினார். பின்னாளில் பராசி கோச்சாகக் கத்திய கத்தலெல்லாம் அங்கே கற்றதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் காலத்தில் வீரர் எந்தக் கிளப்புக்குப் போகலாம் என்பதைக் குடியிருக்கும் பகுதி தீர்மானித்தது. அதன்படி பார்த்தால் பராசி வேறு கிளப்புக்குப் போயிருக்க வேண்டும். இறந்துபோன வீரரின் மகனை விட்டுவிட மெல்பர்னுக்கு மனமில்லை. அப்பா ஆடிய கிளப்பிலேயே மகன் ஆட அனுமதிக்கும் விதி வேண்டும் என்று அவர்கள் லீக்கை வற்புறுத்தினார்கள், விதியும் வந்தது. "அப்பா-மகன் விதி" என்று அது இன்றும் இருக்கிறது, உருவம் மட்டும் மாறியிருக்கிறது.

1953-ல் 17 வயதில் முதல் ஆட்டம். முதுகில் அப்பா போட்ட அதே 31-ஆம் எண்.

ஆரம்பத்தில் இவரை எங்கே நிறுத்துவது என்பதே பிரச்சினை. ரக்மேன் என்பவர் நெட்டையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நடுவர் பந்தைத் தரையில் மோதி எழுப்பும்போது எம்பித் தட்டிவிட்டவர் அவர். ரோவர் என்பவர் குள்ளமாக, வேகமாக, கீழே விழும் பந்தைப் பொறுக்கி ஓடுபவர். பராசி முதலாவதற்கு உயரம் போதாது, இரண்டாவதற்கு உடம்பு பெரிது. நார்ம் ஸ்மித் இரண்டையும் கலந்தார். இரண்டாவது ரக்மேன் நிற்க வேண்டிய இடத்தில் பராசியை விட்டு, "பந்து போகும் இடமெல்லாம் போ" என்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்தார். ரக்-ரோவர் என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரு ஆளுக்காக உருவான இடம், கொஞ்ச நாளில் எல்லா அணிகளிலும் ஒரு பதவியாகிவிட்டது.

அதன்பின் மெல்பர்னின் பொற்காலம். 1955, 1956, 1957, 1959, 1960, 1964 என்று ஆறு பிரீமியர்ஷிப். ஆறிலும் பராசி ஆடினார். கடைசி இரண்டில் அவர்தான் கேப்டன். 1959 இறுதி ஆட்டத்தில் எஸ்ஸெண்டனுக்கு எதிராக இரண்டாவது கால்பகுதியில், சில நிமிடங்களுக்குள் மூன்று கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பினார். 1964-ல் காலிங்வுட்டை வென்றது வெறும் 4 புள்ளியில். அப்போது அவருக்கு 28 வயது. மெல்பர்னில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. காலம் முழுக்க அங்கேயே இருந்திருந்தால் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வருட முடிவில் அவர் எதிரணியான கார்ல்டன் கிளப்புக்குப் போனார்.

இது எப்படிப்பட்ட அதிர்ச்சி என்பதை இன்று விளக்குவது கஷ்டம். ஐ.பி.எல். மாதிரி ஏலத்தில் மாறும் ஆட்டமில்லை அது. கிளப் என்பது அப்பா, தாத்தா வழியாக வருவது. அதிலும் இந்த ஆளை வளர்த்ததே அந்தக் கிளப். இவருக்காக ஒரு விதியையே வரவழைத்த கிளப். மெல்பர்ன் ரசிகர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் ஜெர்சியில் தைத்திருந்த 31-ஐப் பிரித்து எறிந்தார்கள் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஏன் போனார்? கார்ல்டன் தலைவர் ஜார்ஜ் ஹாரிஸ் நல்ல தொகை கொடுத்தார், அது உண்மை. ஆனால் பணம் மட்டும் இழுத்திருக்க முடியாது. பராசி கோச் ஆக வேண்டும் என்று நினைத்தார். மெல்பர்னில் கோச் யார்? அவரை வளர்த்த நார்ம் ஸ்மித். அந்த நாற்காலிக்கு ஆசைப்படுவது வளர்த்தவரை எழுந்திருக்கச் சொல்வது மாதிரி. ஆக, கோச் ஆக வேண்டுமானால் அந்த வீட்டை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். என் கணக்கில் இதுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான முடிவு. பின்னால் எடுத்த முடிவுகளிலும் இதே குணம் தெரியும்: வசதியாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, நிலைமை மோசமாக இருக்கும் இடத்துக்குப் போவது.

கார்ல்டன் அப்போது அப்படித்தான் இருந்தது. 1964-ல் பன்னிரண்டு அணிகளில் பத்தாம் இடம். கடைசியாகக் கோப்பை வென்றது 1947-ல். பராசி 1965-ல் கேப்டன்-கோச்சாக வந்தார். 50 ஆட்டங்கள் ஆடினார், பிறகு ஆடுவதை விட்டுக் கோச் வேலையில் மட்டும் நின்றார். மெல்பர்னில் 204, இங்கே 50, மொத்தம் 254 ஆட்டங்கள்.

1968 இறுதி ஆட்டத்தில் கார்ல்டன் எஸ்ஸெண்டனை 3 புள்ளியில் வென்றது. ஸ்கோரைப் பாருங்கள்: கார்ல்டன் 7 கோல், 14 பிஹைண்ட், 56. எஸ்ஸெண்டன் 8 கோல், 5 பிஹைண்ட், 53. எதிரணியைவிடக் குறைவான கோல் போட்டு இறுதி ஆட்டத்தை வென்ற முதல் அணி அது. பெரிய அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் 21 வருடம் காத்திருந்தவர்களுக்கு அழகா முக்கியம்?

அப்புறம் 1970. பராசியைப் பற்றி யார் பேசினாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள், நானும் நிற்கிறேன்.

எம்.சி.ஜி.யில் அன்று 1,21,696 பேர். இன்றுவரை அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. இருக்கைகள் மாறிவிட்டதால் இனிக் கூடவும் முடியாது. எதிரணி காலிங்வுட். இரண்டாவது கால்பகுதியில் கார்ல்டனின் அலெக்ஸ் ஜெசலென்கோ, காலிங்வுட்டின் கிரேம் ஜென்கின் முதுகுக்கு மேலே ஏறி ஒரு மார்க் பிடித்தார். ஃபுட்டி பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட எங்கேயாவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கக்கூடும். ஆனால் படம் அழகாக இருந்ததே தவிர ஸ்கோர் கொடுமையாக இருந்தது. இடைவேளையில் காலிங்வுட் 73, கார்ல்டன் 29. 44 புள்ளி பின்னால். இறுதி ஆட்டத்தில் அவ்வளவு பின்னால் இருந்து அதுவரை எந்த அணியும் ஜெயித்ததில்லை.

கத்தலுக்குப் பேர்போன ஆள் இந்த இடைவேளையில் என்ன செய்தார்? ஒரு வேலையைக் கொடுத்தார். ஹேண்ட்பால் செய்யுங்கள். மார்க் பிடித்தால் நின்று யோசிக்காதீர்கள், ஓடிவரும் கூட்டாளிக்குக் குத்திக் கொடுங்கள், அவரும் நிற்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். பின்தங்கியிருக்கும் அணி வழக்கமாக என்ன செய்யும்? பதற்றத்தில் நீளமாக உதைக்கும், எதிரணியின் நெட்டையான தடுப்பாட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். பராசி அதைத் தலைகீழாக்கினார். பெரிய உடம்புக்காரர்களான காலிங்வுட்டை ஓட வைத்தால் கால் தளரும் என்பது கணக்கு.

கூடவே ஒரு ஆளை மாற்றினார். பெர்ட் தோர்ன்லியை வெளியே எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கினார். ஒல்லியான, சின்ன உருவம். வாழ்நாளில் 29 ஆட்டங்கள் மட்டுமே ஆடியவர். இறங்கியதும் அடுத்தடுத்து கோல்; அன்றைக்கு மொத்தம் நான்கு. கார்ல்டன் 111, காலிங்வுட் 101. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் கார்ல்டன் ஜெயித்தது. (இந்த ஹாப்கின்ஸ் பிற்காலத்தில் சாம்பியன் டேட்டா என்ற ஃபுட்டி புள்ளிவிவர நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆட்டத்தை எண்களாகப் பார்க்கும் வழக்கம் பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.)

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். "ஹேண்ட்பாலைக் கண்டுபிடித்தவர் பராசி" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஜீலாங்கின் கிரஹாம் "பாலி" ஃபார்மர் அதற்கு முன்பே ஹேண்ட்பாலைத் தாக்குதல் ஆயுதமாக்கியிருந்தார். கோச்கள் பக்கம் நார்ம் ஸ்மித்தின் அண்ணன் லென் ஸ்மித் இருந்தார். ஃபிட்ஸ்ராய்க்குக் கோச்சாக இருந்தவர். நிற்காமல் ஆடுவது, வேகமாகக் கைமாற்றுவது என்று தன் கருத்துகளைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். பராசி அந்தக் குறிப்புகளைப் படித்தவர். லென் ஸ்மித் 1967-லேயே காலமாகிவிட்டார். அவருடைய யோசனையை இத்தனை லட்சம் கண்களுக்கு முன்னால், தோல்வியின் விளிம்பில் நிற்கும்போது, துணிந்து செய்து காட்டியது பராசியின் பங்கு. யோசனை ஒருவருடையது, துணிச்சல் இன்னொருவருடையது. 1970-க்குப் பிறகு ஹேண்ட்பாலை அவசரத்துக்கு என்று யாரும் சொல்ல முடியவில்லை.

1971 முடிவில் கார்ல்டனை விட்டார். தொழில் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருந்தார். அடுத்த வருடம் நார்த் மெல்பர்ன் கூப்பிட்டது.

நார்த் மெல்பர்ன் அதுவரை ஒரு கோப்பைகூட வென்றதில்லை. 1925-ல் லீக்கில் சேர்ந்த கிளப். 1972-ல் மொத்த சீசனிலும் ஒரே ஒரு வெற்றி. தலைவர் ஆலன் அய்லெட், தொழிலால் பல் டாக்டர். கார்ல்டன் தலைவர் ஹாரிஸும் பல் டாக்டர்தான். பராசியை இரண்டு தடவையும் பிடித்துப் போட்டவர்கள் பல் டாக்டர்கள்! சாப்பாட்டு மேசையில் இருந்த காகித நாப்கினில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அந்தக் கிளப்பில் விரும்பிச் சொல்லப்படும் கதை. பத்து வருடம் ஒரே கிளப்பில் ஆடியவர் சுதந்திரமாக வேறு கிளப்புக்குப் போகலாம் என்று அப்போது கொஞ்ச காலத்துக்கு ஒரு விதி இருந்தது. அதைப் பயன்படுத்தி டக் வேட், பேரி டேவிஸ், ஜான் ராண்டல் ஆகிய மூவரை நார்த் இழுத்துக்கொண்டது. நல்ல ஆட்களும் பராசியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

1974-ல் இறுதி ஆட்டத்தில் ரிச்மண்டிடம் தோல்வி. 1975-ல் ஹாதார்னை 55 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தி, ஐம்பது வருடத்தில் முதல் கோப்பை. 1976-ல் மீண்டும் இறுதி, தோல்வி. 1977-ல் நடந்தது தனிக் கதை. காலிங்வுட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது கால்பகுதிகளில் நார்த் ஒரு கோல்கூடப் போடவில்லை. கடைசி இடைவேளையில் 27 புள்ளி பின்னால். பராசி தடுப்பாட்டக்காரர்களான டேவிட் டென்ச், டாரில் சட்டன் இருவரையும் தூக்கி முன்வரிசையில் நிறுத்தினார். வீட்டுக் காவலாளியைக் கடைக்கு அனுப்பிய மாதிரி. நார்த் அடித்துப் பிடித்து முன்னேறியது, காலிங்வுட் கடைசியில் ஒரு கோலால் சமன் செய்தது. 76-76. அடுத்த வாரம் மறு ஆட்டம். நார்த் 27 புள்ளியில் வென்றது. 1978-ல் மறுபடியும் இறுதி, மறுபடியும் ஹாதார்னிடம் தோல்வி.

கணக்குப் போடுங்கள். 1968 முதல் 1978 வரை பராசி கோச்சாக இருந்தது பத்து சீசன். 1969-ல் தோற்ற இறுதியையும் சேர்த்து, அதில் எட்டில் அவருடைய அணி இறுதி ஆட்டத்தில் இருந்தது. இரண்டு வெவ்வேறு கிளப்புகள். இரண்டுமே அவர் வந்தபோது கீழே கிடந்தவை. வீரராகப் பெற்ற புகழ் இதைச் செய்துகொடுக்காது.

அவர் கத்துவார், நிஜம். மூன்றாம் கால்பகுதி முடிந்து வீரர்கள் வட்டமாக நிற்கும்போது அவர் குரல் வேலிப்பக்கம் நிற்கும் ரசிகர்களுக்கும் கேட்கும். சில வீரர்கள் அதில் வாடிப்போனார்கள் என்பதும் நிஜம். இன்றைய கோச் அப்படிப் பேசினால் வேலை போய்விடும். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவரோடு ஆடியவர்களில் பலர் பிற்காலத்தில் அவரைத் தங்கள் வாழ்க்கையை மாற்றியவர் என்றே பேசினார்கள்.

இனி உங்கள் கேள்விக்குரிய வருடங்கள்.

1965 நடுவில் மெல்பர்ன் கிளப் நார்ம் ஸ்மித்தை வேலையை விட்டுத் தூக்கியது. சில நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் உடைந்தது ஒட்டவில்லை. 1964-க்குப் பிறகு 1987 வரை மெல்பர்ன் ஒரு தடவைகூட ஃபைனல்ஸ் சுற்றுக்குள் (சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடுவது) நுழையவில்லை. ஸ்மித் 1973-ல் காலமானார். அந்தச் சரிவின் நட்டநடுவில், 1981-ல், பராசி வீடு திரும்பினார். முதல் சீசனில் ஒரே ஒரு வெற்றி. ஐந்து வருடம் இருந்தும் ஃபைனல்ஸ் எட்டவில்லை. ஊரே எதிர்பார்த்த திருமகன் வந்தும் மழை பெய்யவில்லை.

ஆனால் விதைத்தார். அயர்லாந்தில் கேலிக் கால்பந்து ஆடும் இளைஞர்களுக்கு ஓடவும் பிடிக்கவும் உதைக்கவும் ஏற்கெனவே தெரியும். பந்து மட்டும் உருண்டை. அவர்களைக் கொண்டுவந்து பழக்கினால் என்ன என்று மெல்பர்ன் அங்கே விளம்பரம் கொடுத்து ஆள் தேடியது. பராசி அதில் முழு மூச்சாக நின்றார். அப்படி 1984-ல் டப்ளினிலிருந்து வந்த 18 வயதுப் பையன் ஜிம் ஸ்டைன்ஸ். நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்தே பழக்கமில்லாதவர், 1991-ல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஒன்றைக்கூட விடாமல் ஆடினார், அது சாதனை. 2008-ல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த மெல்பர்ன் கிளப்புக்குத் தலைவராகி, புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதைக் கரையேற்றினார். 2012-ல் இறந்தார். இந்த ஒரு ஆளைக் கொண்டுவந்ததை மட்டும் வைத்தே அந்த ஐந்து வருடம் வீண் இல்லை என்பேன்.

அடுத்தது சிட்னி. 1978-ல் இயன் டர்னர் என்ற மோனாஷ் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் "பராசி கோடு" என்று ஒரு சொல்லைத் தந்தார். கான்பெராவிலிருந்து புரோக்கன் ஹில், பேர்ட்ஸ்வில் வழியாக வடக்கே மனிங்ரிடா வரை ஒரு கோடு போட்டால், தெற்கிலும் மேற்கிலும் ஃபுட்டி நாடு, வடக்கிலும் கிழக்கிலும் ரக்பி நாடு. விளையாட்டாகச் சொன்ன சொல் இன்று ஆய்வுக் கட்டுரைகளிலும் புழங்குகிறது. ஃபுட்டி நாடு முழுக்கப் போக வேண்டும் என்று பராசி விடாமல் பேசிவந்ததால்தான் கோட்டுக்கு அவர் பெயர்.

1993-ல் அவர் அந்தக் கோட்டைத் தாண்டினார், 57 வயதில். தெற்கு மெல்பர்னிலிருந்து 1982-ல் சிட்னிக்கு இடம்பெயர்ந்த ஸ்வான்ஸ் கிளப் அப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1992 கடைசியில் கிளப்பை மூடிவிடலாமா என்ற பேச்சே வந்துவிட்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. வரிசையாக 26 தோல்வி. சீசனின் நடுவில் பராசி பொறுப்பேற்றார். ஜூன் 27 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் அந்த வரிசை உடைந்தது. எதிரணி எது தெரியுமா? மெல்பர்ன்.

மூன்று சீசனில் மொத்தம் 13 வெற்றி. முதல் வருடம் 1, அடுத்தது 4, மூன்றாவது 8. வெறும் எண்ணாகப் பார்த்தால் சோகம். ஆனால் பராசி போய் நின்றதால் ரக்பி ஊரின் பத்திரிகைகள் ஸ்வான்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தன. 1995-ல் டோனி லாக்கெட் வந்து அந்த சீசனில் 110 கோல் போட்டார். அதே வருடம் கேப்டன் பால் கெல்லி பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். ஃபிட்ஸ்ராயிலிருந்து பால் ரூஸ் வந்து சேர்ந்தார். பராசி விலகிய மறு வருடமே, 1996-ல், ரோட்னி ஈட் பயிற்சியில் ஸ்வான்ஸ் இறுதி ஆட்டம் வரை போனது. மூடப்படவிருந்த கடை அது. பராசி ஜெயித்துக் கொடுக்கவில்லை. ஜெயிக்க ஒரு கிளப் மிச்சம் இருக்கும்படி செய்தார். 1970-ஐவிட இது சின்ன வேலை என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். கோச்சை அளக்க அவருடைய மாணவர்களைப் பார்ப்பது நல்ல வழி. கார்ல்டனில் பராசியிடம் ஆடியவர்களில் ஜான் நிக்கல்ஸ் 1972-லும், ஜெசலென்கோ 1979-லும், ராபர்ட் வால்ஸ் 1987-லும் அதே கிளப்புக்குக் கோச்சாகக் கோப்பை வாங்கிக்கொடுத்தார்கள். நார்த்தில் அவரிடம் ஆடிய மால்கம் பிளைட், 1997, 1998 இரண்டு வருடமும் அடிலெய்டைக் கோப்பைக்கு இட்டுச்சென்றார். சிட்னியின் அந்த 1995 அணியில் ஆடிய பால் ரூஸ், 2005-ல் ஸ்வான்ஸின் கோச்சாக 72 வருட வறட்சியை முடித்தார்.

இந்த இரண்டு கிளைகளும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரூஸ் 2014-ல் மெல்பர்னுக்குக் கோச்சாகப் போனார். தனக்குப் பின் வரவேண்டியவராக அங்கே தயார் செய்யப்பட்டவர் சைமன் குட்வின். அடிலெய்டில் பிளைட்டின் கீழ் 1997, 1998 கோப்பைகளை வென்ற வீரர். 2017-ல் குட்வின் பொறுப்பேற்றார். 2021 செப்டம்பர் 25, கோவிட் காரணமாக இறுதி ஆட்டம் எம்.சி.ஜி.யை விட்டுப் பெர்த்தில் நடந்தது. மெல்பர்ன் 140, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 66. 1964-ல் பராசி கேப்டனாகத் தூக்கிய கோப்பைக்குப் பிறகு, 57 வருடம் கழித்து, அந்தக் கிளப்புக்கு அடுத்த கோப்பை.

பராசிக்கு அப்போது 85 வயது. அதைப் பார்க்க இருந்தார். 2023 செப்டம்பர் 16 அன்று, ஃபைனல்ஸ் நடந்துகொண்டிருந்த மாதத்தில், 87 வயதில் காலமானார். எம்.சி.ஜி.க்கு வெளியே அவர் சிலை நிற்கிறது. கிரிக்கெட் பார்க்கப் போனாலும் ஒரு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் அதைத் தேடிப் பாருங்கள்.